எண்ணிக்கையும் வேண்டும், நோயாளியின் சொல்லும் வேண்டும்

வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கும்போதோ வார்டில் படுத்திருக்கும்போதோ, ஆய்வுக்கென்று ஒருவர் உங்களை அணுகியிருக்கக்கூடும். சில வேளைகளில் அவர் கையில் அச்சிட்ட படிவம் இருக்கும். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, இரவில் எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், சென்ற மாதம் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போயிற்று என்று கேட்டு, கட்டங்களை நிரப்பிக்கொண்டு செல்வார். வேறு சில வேளைகளில் வருபவரிடம் கட்டங்கள் இரா. உங்கள் அனுமதி பெற்று ஒலிப்பதிவுக் கருவியை அருகில் வைத்துவிட்டு, இந்த நோய் வந்தபின் உங்கள் வீட்டில் என்னென்ன மாறிற்று என்று கேட்டு, ஒரு மணி நேரம் பொறுமையாக அமர்ந்திருப்பார்.

இவ்விரண்டு வகை ஆய்வுகளைப் பற்றியும் நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் ஐயங்கள் உண்டு. படிவம் நிரப்பியவர்கள், "எங்கள் துன்பம் இந்தக் கட்டங்களுக்குள் அடங்குமா?" என்கின்றனர். மனம்விட்டுப் பேசியவர்கள், "எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டு மருத்துவத்துக்கு என்ன ஆகப்போகிறது?" என்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகள். எண்ணிக்கையை நம்பும் ஆய்வை அளவுசார் ஆய்வு என்றும், மனிதர்களின் சொல்லையும் நடத்தையையும் கூர்ந்து நோக்கும் ஆய்வைப் பண்புசார் ஆய்வு என்றும் அறிஞர்கள் அழைப்பர். இவை ஒன்றோடொன்று இணைந்து நடக்க வேண்டும் என்பதும், அவ்வாறு இணைவதை எதிர்பார்க்கும் உரிமை நோயாளிகளுக்கு உண்டு என்பதும் எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்துரைக்கிறோம்.

எண்ணிக்கை செய்த நன்மை

முதலில் எண்ணிக்கையின் பக்கம் நின்று பேசுவோம். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு காசநோய் வந்தால் சானட்டோரியத்தில் பல மாதங்கள் தங்க வேண்டும் என்பதே பொது நம்பிக்கை. நல்ல காற்றும் முழு ஓய்வும் ஊட்டமான உணவும் இன்றி இந்நோய் குணமாகாது என்று மருத்துவர்களே கருதினர். தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்தின் பெயராக இன்றும் நிற்கும் அச்சொல், அக்காலத்தில் பல குடும்பங்களுக்கு நீண்ட பிரிவைக் குறித்தது. நோயாளிகளின் தொகையோடு ஒப்பிட்டால் படுக்கைகளும் மிகச் சிலவே இருந்தன.

1956-ஆம் ஆண்டு அன்றைய மெட்ராஸ் நகரில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் கைகோத்தன. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அம்மையமே. அங்கு 193 நோயாளிகள், சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்ற முறையில், இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானட்டோரியத்தில் தங்கினர். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள் தரப்பட்டன. வீட்டிலிருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த உணவு, ஓய்வில்லாத வாழ்க்கை. ஆயினும் 1959-இல் வெளியான முடிவுகள், இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததைக் காட்டின. வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தெரிந்தது.

எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவரும் தம் அனுபவத்தை மட்டும் கொண்டு இம்முடிவுக்கு வந்திருக்க இயலாது. ஏழை நோயாளி ஒருவரின் வீட்டைக் கண்டால், இவரைச் சானட்டோரியத்துக்கு அனுப்புவதே இரக்கம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அத்தோற்றம் பிழை என்பதைக் காட்டியது, இரு பிரிவினரையும் சமமாக வைத்து எண்ணிப் பார்த்த ஒழுங்கே. நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமாகும் முறை உலகில் பரவியதற்கு இந்த ஆய்வு பெரிதும் காரணமாயிற்று. தெரிந்தவர் ஒருவருக்குப் பலித்தது என்று கேள்விப்பட்ட மருந்தைத் தேடி ஓடும் இன்றைய நாளிலும், எண்ணிக்கை நமக்கு அத்தகைய காவலாக இருக்கிறது.

எண்ணிக்கை கேட்க மறந்த கேள்வி

மருந்து கிடைத்தது; வீட்டிலேயே உண்ணலாம் என்பதும் தெரிந்தது. நோயாளிகளை எங்கே கண்டுபிடிப்பது? கிராமங்களில் எக்ஸ்ரே கருவியோடு சென்று எடுத்த கணக்கெடுப்புகள், நாட்டில் காசநோயாளிகள் மிகப் பலர் இருப்பதைக் காட்டின. அவர்கள் ஏன் சிகிச்சைக்கு வரவில்லை என்பதைக் கணக்கெடுப்பு சொல்லவில்லை. படிப்பறிவில்லாத கிராமத்து மக்களுக்கு நோயின் அறிகுறியே தெரியாது, தெரிந்தாலும் அலட்சியமாக இருப்பார்கள் என்று எண்ணுவது எளிது. அவ்வாறாயின் வண்டிகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைத் தேடிப் பிடிப்பதே வழியாகும்.

பெங்களூரில் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனத்தில் பணியாற்றிய தேபபர் பானர்ஜி மருத்துவமும் மானிடவியலும் கற்றவர். அவரும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில், எக்ஸ்ரே மூலம் கண்டறியப்பட்டவர்களை அவர்களுடைய வீடுகளிலேயே சந்தித்துப் பேசும் ஆய்வை நடத்தினர். உடம்பில் என்ன உணர்ந்தீர்கள், அதைப் பற்றிக் கவலைப்பட்டீர்களா, யாரிடம் போனீர்கள் என்று கேட்டனர். 1963-இல் வெளியான அந்த ஆய்வின் விடை பலரைத் திகைக்க வைத்தது. பெரும்பாலோர் தம் அறிகுறிகளை நன்கு உணர்ந்திருந்தனர், கவலையும் பட்டிருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ நிலையங்களுக்குச் சென்றும் இருந்தனர். அங்கே அவர்களுடைய சளி பரிசோதிக்கப்படவில்லை. இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தனர்.

குறை நோயாளியிடம் இல்லை, வாசலில் வந்து நின்றவரைக் கவனியாத நிலையத்திடம் இருந்தது என்பது இவ்வாறு வெளிப்பட்டது. நெடுநாள் இருமலோடு தாமாக வருபவரின் சளியைச் சாதாரண மருத்துவ நிலையத்திலேயே பரிசோதிக்க வேண்டும் என்னும் கொள்கை இந்தியாவின் காசநோய்த் திட்டத்தில் இடம்பெற்றதற்கு இந்தச் சிந்தனை அடிப்படையாயிற்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். மக்களிடம் பேசியிராவிட்டால் இந்த உண்மை தெரிந்திராது. நான்கைந்து பேரிடம் மட்டும் பேசி நிறுத்தியிருந்தால் அது ஓரிருவரின் மனக்குறை என்று தள்ளப்பட்டிருக்கும். பாதிக்கும் மேற்பட்டோர் என்று எண்ணிச் சொன்னபோது அரசு கேட்க வேண்டியதாயிற்று.

ஒரே ஆய்வுக்குள் இரண்டும்

மெட்ராஸில் எண்ணியவர்கள் வேறு, தும்கூரில் கேட்டவர்கள் வேறு. இரண்டையும் ஒரே ஆய்வுக்குள் சேர்த்தால் என்ன நிகழும் என்பதற்குப் பிரிட்டனில் 1999-இல் தொடங்கிய புரோடெக்ட் என்னும் ஆய்வு நல்ல சான்று. ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் தொடக்க நிலையில் கண்டறியப்படும் புற்றுநோய்க்கு எது ஏற்ற வழி என்பது அதன் கேள்வி. அறுவை சிகிச்சை ஒரு வழி. கதிர்வீச்சு மற்றொரு வழி. உடனே சிகிச்சை செய்யாமல் இரத்தப் பரிசோதனைகளால் தொடர்ந்து கண்காணித்து, தேவைப்படும்போது சிகிச்சை அளிப்பது மூன்றாவது வழி. எது மேலானது என்று மருத்துவர்களுக்கே தெரியாத நிலையில், மூன்றில் எதைப் பெறுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க நோயாளிகள் இசைந்தால்தான் ஆய்வு நடக்கும்.

தொடக்கத்தில் அழைக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரே இசைந்தனர். ஆய்வு நின்றுபோகும் அபாயம் இருந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜென்னி டோனவனும் அவருடைய குழுவினரும், மருத்துவப் பணியாளர்கள் நோயாளிகளிடம் ஆய்வை விளக்கும் உரையாடல்களை அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து, சொல் சொல்லாகக் கேட்டனர். நோயாளிகளையும் தனியே சந்தித்து, அவர்கள் புரிந்துகொண்டது என்ன என்று வினவினர்.

அப்போது தெரிந்தவை வியப்பானவை. பணியாளர்கள் அறுவையையும் கதிர்வீச்சையும் முதலில் விரிவாக விளக்கிவிட்டு, மூன்றாவது வழியை இறுதியில் சுருக்கமாகச் சொல்லி முடித்தனர். அதற்கு அவர்கள் இட்டிருந்த பெயர், காத்திருந்து கவனித்தல் என்று பொருள்படுவது. மருத்துவர் காதில் அது பொறுப்பான ஒரு முறையின் பெயராக ஒலித்தது; நோயாளியின் காதிலோ, நான் சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒலித்தது. புற்றுநோய் என்னும் சொல்லைக் கேட்டு நடுங்கியிருக்கும் மனிதர் அதற்கு எப்படி இசைவார்?

பெயர், முனைப்பான கண்காணிப்பு என்று மாற்றப்பட்டது. அந்த வழியில் என்னென்ன பரிசோதனைகள் எப்போது செய்யப்படும் என்பது விளக்கப்பட்டது. மூன்று வழிகளையும் சமமாக எடுத்துரைக்கப் பணியாளர்கள் பயிற்சி பெற்றனர். இந்நோயோடு பலர் நீண்ட காலம் வாழ்கின்றனர் என்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டது. இசைவோரின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாக உயர்ந்தது. இது நோயாளிகளை வற்புறுத்திப் பெற்ற இசைவு அன்று; தமக்கு முன் வைக்கப்பட்டது என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொண்ட பின் வந்த இசைவு.

முடிவில் 1,643 ஆண்கள் இந்த ஆய்வில் பங்கேற்றனர். 2016-இல் வெளியான பத்தாண்டு முடிவுகளில், எந்தப் பிரிவிலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருந்தனர். 2023-இல் வெளியான பதினைந்தாண்டு முடிவுகளிலும் அது ஏறத்தாழ நூற்றுக்கு மூவர் அளவிலேயே இருந்தது; மூன்று பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடும் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுள் நோய் பரவியவர்கள் மற்றப் பிரிவுகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும், அறுவை செய்துகொண்டவர்களுள் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் கூடுதல் என்பதையும், கதிர்வீச்சு பெற்றவர்களுக்குக் குடல் தொல்லைகள் இருந்தன என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. இன்று அந்நோய் கண்டறியப்பட்ட ஒருவர், அஞ்சி அவசரப்படாமல் தம் மருத்துவரோடு அமர்ந்து நன்மை தீமைகளை எடைபோட முடிகிறதென்றால், அதற்கு இந்த எண்கள் துணை செய்கின்றன. அந்த எண்கள் நமக்குக் கிடைத்ததில், ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு சொல்லைத் திருத்தியவர்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

சொல் எண்ணான வரலாறு

மற்றொரு நிகழ்வையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கான மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, வீங்கிய மூட்டுகள் எத்தனை, தொட்டால் வலிக்கும் மூட்டுகள் எத்தனை, இரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்பன போன்ற அளவுகளை ஆய்வாளர்கள் 1990களில் வகுத்துக்கொண்டனர். 2002-இல், இத்துறையின் அளவீடுகளை வகுக்கும் ஓமராக்ட் என்னும் பன்னாட்டுக் குழு தன் மாநாட்டுக்கு முதன்முறையாக நோயாளிகளையும் அழைத்தது. வந்தவர்கள் பதினொருவரே. மூட்டைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள், எங்களை வாட்டும் சோர்வைப் பற்றி ஏன் கேட்பதில்லை என்னும் கேள்வி அவர்களிடமிருந்து எழுந்தது.

அந்தச் சோர்வு உழைத்துக் களைத்த களைப்பைப் போன்றதன்று. ஓய்வெடுத்தாலும் தீராதது, சொல்லாமல் வந்து ஆளைச் சாய்ப்பது, சொன்னாலும் யாரும் பொருட்படுத்தாதது என்று பின்னர் நடந்த நேர்காணல்களில் நோயாளிகள் விவரித்தனர். அவர்கள் பயன்படுத்திய சொற்களைக் கொண்டே சோர்வை அளக்கும் வினாத்தாள்கள் உருவாயின. முடக்குவாத ஆய்வுகளில் சோர்வையும் அளக்க வேண்டும் என்னும் பரிந்துரை 2007-இல் வெளியாயிற்று. கேட்க எவரும் நினையாத ஒரு துன்பம், நோயாளிகள் வாய்திறந்ததால் மருந்தின் தரத்தை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்றாயிற்று. எங்கள் துன்பம் கட்டங்களுக்குள் அடங்குமா என்று கேட்போருக்கு எங்கள் விடை இதுவே: கட்டத்தை யார் வரைந்தார்கள், வரையும்முன் உங்களிடம் கேட்டார்களா என்பதைப் பொறுத்தது.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் நாங்கள் அறிவோம். இருபது முப்பது பேரின் பேச்சைக் கொண்டு என்ன முடிவு செய்ய முடியும் என்பது ஒன்று. இது சரியான எச்சரிக்கையே. ஒரு மருந்து பலிக்கிறதா, எத்தனை பேருக்குப் பக்க விளைவு வரும் என்னும் கேள்விகளுக்கு நேர்காணல் விடை தராது. உருக்கமாகப் பேசத் தெரிந்தவரின் அனுபவம் எல்லாருடைய அனுபவமாகிவிடவும் கூடாது. ஏன், எவ்வாறு என்னும் கேள்விகளுக்கே நேர்காணல் உரியது; அங்கே கிடைத்த விடை எவ்வளவு பரவலானது என்பதைப் பிறகு எண்ணித்தான் அறிய வேண்டும்.

நோயாளிகள் உண்மையைச் சொல்வதில்லை என்பது மற்றொன்று. நம்மிடையே இது உண்டு என்பதை மறுக்க மாட்டோம். டாக்டர் மனம் வருந்துவாரோ என்று எண்ணி, "இப்போது பரவாயில்லைங்க" என்று சொல்லிவிடுகிறோம். பெரியவரிடம் கேட்ட கேள்விக்கு அருகில் நிற்கும் மகனோ மருமகளோ முந்திக்கொண்டு விடை சொல்வதையும் நாள்தோறும் காண்கிறோம். மாத்திரையை நிறுத்திவிட்ட பெண், மாமியார் முன்னிலையில் அதைச் சொல்ல மாட்டார். படிவத்தில் கட்டத்தை நிரப்பும்போதும் இதே தயக்கம்தான் எண்ணாக மாறி அமர்ந்துகொள்கிறது. எண்ணாக இருப்பதால் அது உண்மையாகிவிடாது. தனியே, பொறுமையாக, பழக்கமான மொழியில் கேட்பவரிடமே அது வெளிவரும்.

காலமும் பணமும் செலவாகும் என்பது மூன்றாவது வாதம். உண்மைதான். ஆயினும் நோயாளிக்கு விளங்காத சொல்லால் ஆள் சேராமல் நின்றுபோகும் ஆய்வுக்கும், நோயாளிகள் பொருட்படுத்தாத ஒன்றை அளந்து முடிக்கும் ஆய்வுக்கும் ஆகும் செலவு அதனினும் பெரிது. அச்செலவில் நோயாளிகள் தந்த இரத்தமும் நேரமும் நம்பிக்கையும் அடங்கும்.

நாங்கள் வேண்டுவது

ஆய்வாளர்களிடம் நாங்கள் வேண்டுவது மூன்று. படிவத்தை இறுதி செய்யும்முன் அதே நோயுள்ள சிலரிடமும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரிடமும் பேசிப் பாருங்கள். எண்கள் எதிர்பாராத ஒன்றைக் காட்டினால், காரணத்தை நீங்களே ஊகிக்காமல் நோயாளியிடம் திரும்பச் சென்று கேளுங்கள். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவைப் பங்கேற்றவர்களுக்கு அவர்களுக்கு விளங்கும் தமிழில் தெரிவியுங்கள்.

நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது இது. எந்த ஆய்விலும் பங்கேற்பது உங்கள் விருப்பம். மறுத்தாலும், இடையில் விலகினாலும், உங்களுக்குரிய சிகிச்சையில் எக்குறையும் வரக்கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. ஒலிப்பதிவு செய்ய உங்கள் அனுமதி தேவை. பதிவு யாரிடம் இருக்கும், பெயர் மறைக்கப்படுமா, எப்போது அழிக்கப்படும் என்று கேட்டறியுங்கள். விளங்காத சொல்லை விளங்கவில்லை என்று சொல்லுங்கள். குலுக்கல் முறை என்றால் என்ன, எதற்காக என்று தயங்காமல் வினவுங்கள்.

வலிக்கு எண் கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள்; ஒருநாள் சொன்ன எண்ணோடு அடுத்த நாள் எண்ணை ஒப்பிட்டே மருந்தின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. அதோடு நின்றுவிடாமல், அந்த வலி எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஆறு என்று சொன்ன இருவரில் ஒருவருக்கு மாடிப்படி ஏற முடியாமலிருக்கலாம். மற்றவருக்கு இரவில் ஒருபுறமாகத் திரும்பிப் படுக்க முடியாமலிருக்கலாம். இருவருக்கும் வேண்டிய உதவி வேறு. படிவத்தில் அதற்கு இடமில்லையெனில் ஓரத்திலோ பின்பக்கத்திலோ எழுதித் தரக் கேளுங்கள்.

உடனிருப்போருக்குத் தனியே ஒரு சொல். இரவெல்லாம் விழித்திருந்து நீங்கள் கண்டவை வேறு எவருக்கும் தெரியாதவை, அவற்றைச் சொல்லுங்கள். நோயாளி பேசக்கூடிய நிலையில் இருந்தால், அவரைப் பேசவிட்டுப் பிறகு நீங்கள் பேசுங்கள். உங்களுடைய உறக்கம், உங்கள் முதுகுவலி, விட்டுவிட்ட வேலை ஆகியவை பற்றி எவரும் கேளாவிட்டால், அதையும் கேட்கச் சொல்லுங்கள். முடக்குவாத நோயாளிகள் பதினொருவர் தம் சோர்வைப் பற்றிக் கேட்கச் சொன்னதால் பயன் விளைந்தது. கவனித்துக்கொள்வோரின் சுமையும் அவ்வாறே அளக்கப்பட வேண்டிய ஒன்று என்பது எங்கள் உறுதியான கருத்து.